பத்தா, ஒன்பதா?

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை டீச்சர், இதில் உட்காருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து சாத்தூர் வரை பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். இந்த வயதில். ஒரு போன் போட்டிருந்தால் நானே வந்திருப்பேன். வந்திருப்பேனா? சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. பிப்ரவரியில் சிஸ்டர் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது வரவில்லையே. கடையைப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறப்பதே இல்லை.

நீங்கள் கேட்க வந்ததற்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம். பத்து. அரசாங்கத் தாளில் என்ன இருக்கிறது? பத்து. டெல்லியில் பதக்கம் குத்தும்போது என்ன வாசித்தார்கள்? பத்து. நீங்களும் உங்கள் தங்கையும் படித்த பள்ளிக்கூட வாசலில் கல் வைக்கப்போகிறீர்கள், நல்ல காரியம், பத்து என்றே வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் யார் பத்து என்று சொன்னாலும் சிஸ்டர் ஒன்பது என்று திருத்துவார்கள் என்கிறீர்கள். கடைசி வாரத்தில், பார்க்க வந்த போதகர் பத்து என்று சொல்ல, வாய் குழறினபடியே 'ஒம்பது' என்றார்களா? நோயில் கிடப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள் டீச்சர். அதை விடுங்கள்.

எனக்கு அந்தக் கல் விஷயத்தில் வேறொரு விண்ணப்பம் இருக்கிறது. கல்லுக்கென்று நீங்கள் எழுதி வந்த தாளை மறுபடி வாசியுங்கள். 'போர்முனையில் தீக்குள் புகுந்து தனியாளாகப் பத்து வீரர்களை மீட்ட லெப்டினன்ட் நேசபாய்.' தனியாளாக. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட முடியுமா? எடுத்துவிட்டு, கீழே, பெரிய எழுத்து வேண்டாம், பொடி எழுத்திலே போதும், 'உடனிருந்தவர்: நர்சிங் அசிஸ்டென்ட் கருத்தபாண்டி.' அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள். 'த்'தும் 'த'வும்தான், 'ப்' இல்லை. கருப்பு வேறு, கருத்த வேறு. ஆமாம்.

இருபத்தைந்து வருஷமாக இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆள் இல்லை. பத்துப் பேரில் இரண்டு பேரை நான் தூக்கினேன் டீச்சர். தலைப்பக்கம் சிஸ்டர், கால்பக்கம் நான். இரண்டு பேர். அது ஒன்றுமே இல்லையா?

ஒரு நிமிஷம். என்னம்மா? குழந்தைக்கா? எத்தனை நாளாகக் காய்ச்சல்? இதை அரை மூடி கொடு. நாளைக்கும் விடவில்லையென்றால் டாக்டரிடம் போ, இங்கே வராதே.

எங்கே விட்டேன்? ஆம். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மலையில் சண்டை. எங்களை எல்லையோரம் ஒரு சின்னப் பட்டணத்தில் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் கட்டடம் கிடையாது, ஒரு பள்ளிக்கூடம். மரக்கூரை, தகரம். ஜன்னலுக்கெல்லாம் மணல்மூட்டையும் கம்பளியும் அடைத்து, பகலிலும் உள்ளே கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். நான் சாத்தூர்க்காரன், அவர்கள் மார்த்தாண்டம். அந்தக் குளிரில் தமிழ் பேச ஆள் கிடைத்தால் போதாதா? எனக்கு இருபத்தெட்டு வயது, அவர்களுக்கு என்னைவிட ஆறு ஏழு கூட. ஆபீசர் அவர்கள், நான் சல்யூட் அடிக்க வேண்டியவன். ஆனால் யாரும் இல்லாதபோது 'மக்ளே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

காயம்பட்டு வருகிறவர்களுக்கு மணிக்கட்டில் நிறச்சீட்டு கட்டுவது வழக்கம். சிவப்பு என்றால் உடனே மேஜைக்கு. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பிழைக்கவே மாட்டான், அவனுக்காக நேரத்தைச் செலவழித்தால் பிழைக்கிற இன்னொருவன் செத்துப்போவான் என்றால், அதற்கொரு சீட்டு. இரண்டாவது வாரமே சீட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. சிஸ்டர்தான் வழி கண்டுபிடித்தார்கள். கட்டுத்துணியை நாடாவாகக் கிழித்து மருந்தில் நனைத்துக் காயப்போட்டோம். சிவப்புக்கு மெர்குரோகுரோம். மஞ்சளுக்கு ஒரு மஞ்சள் மருந்து. கடைசிச் சீட்டுக்கு ஜென்ஷன் வயலெட், வாய்ப்புண்ணுக்குத் தடவுவோமே, அந்த ஊதா. எங்கள் டாக்டர் மேஜர் நாடித்துடிப்பைப் பார்த்து இந்தியில் நிறத்தைச் சொல்வார், நான் கட்டுவேன். ஊதாவுக்கு அவர் 'பைங்கனி' என்பார். கத்திரிக்காய் நிறம் என்று அர்த்தம். எனக்கும் சிஸ்டருக்கும் அது கத்திரிக்காய் ஆகிவிட்டது. "இன்னைக்கு எத்தனை கத்திரிக்கா மக்ளே?" "மூணு சிஸ்டர்." சிரிப்போம். சிரிக்காமல் அங்கே இருக்க முடியாது டீச்சர். தப்பாக நினைக்காதீர்கள்.

என் முடிச்சைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. எங்கப்பா மாட்டுத் தரகர். சந்தையில் கயிறு போட்டுப் பழகின கை எனக்கு. இழுக்க இழுக்க இறுகும், அவிழ்க்க வராது. "நீ ஆளைக் கெட்டுகியா, காளையைக் கெட்டுகியா? இனி இதை அவுக்க எங்க ஊர் கொல்லனைத்தான் கூட்டிட்டு வரணும்" என்பார்கள். "அவுராம இருக்கத்தானே சிஸ்டர் கட்டறது" என்பேன். அந்த வாய் எனக்கு எப்போதும் உண்டு.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு மூன்று வண்டி நிறைய வந்தார்கள். வராந்தாவெல்லாம் ஸ்ட்ரெச்சர், அதையும் மூட்டை அடுக்கி அடைத்திருந்ததால் இருட்டு. கையில் டார்ச். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று டார்ச் கண்ணாடியிலெல்லாம் நீலக் கார்பன் தாள் ஒட்டியிருப்போம். பகலில் அது தேவையில்லைதான். ஆனால் யார் காலையில் கிழித்துச் சாயங்காலம் ஒட்டிக்கொண்டிருப்பது? அப்படியே வைத்திருந்தோம். மேஜர் சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டே போனேன். லால் என்றால் சிவப்பு, பீலா என்றால் மஞ்சள். லால், லால், பீலா, பைங்கனி, லால். கட்டின நிறத்தை வாசல் வெளிச்சத்தில் பார்த்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். சிவப்பு முதல் அறைக்கு, மஞ்சள் நடு அறைக்கு, ஊதா வராந்தாக் கோடி அறைக்கு.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? என் பெயர் விஷயத்தைச் சொல்ல வந்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மண்ணெண்ணெய் எடுக்க வராந்தாக் கோடிக்குப் போனேன். அந்த அறைக்குள்ளிருந்து, 'தண்ணி' என்று ஒரு குரல். தமிழில். நின்றேன். நின்றேன் டீச்சர், நிற்கவில்லை என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்த தமிழ் ஆட்கள் நானும் சிஸ்டரும் மட்டும். ஊருக்கு ஏங்கி ஏங்கி நமக்கே காதில் தமிழ் கேட்கிறது என்று நினைத்தேன். பிறகு, கத்திரிக்காய் பேசாது என்று நினைத்தேன். அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மேஜையிலும் அறுவை நடந்துகொண்டிருந்தது, ஸ்டவ் அணையக்கூடாது.

நாலு மணிக்கு முதல் குண்டு. கூரை மேலேயே விழுந்தது. அந்தக் கட்டடத்தில் அப்போது கையும் காலும் முழுசாக நின்றவர்கள் நானும் சிஸ்டரும்தான். டாக்டர்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கக் கூடத்தில், வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், விட்டுவிட்டு வர முடியாது. மற்ற அசிஸ்டென்ட்கள் முந்தின வண்டியோடு போய்விட்டார்கள். தகரத்துக்கு அடியில் மரத்தில் தீப்பிடித்துக்கொண்டது. சிஸ்டர் "பிடி மக்ளே" என்றார்கள். பிடித்தேன். ஒருவரைத் தூக்கி வாசலுக்கு வெளியே சுவரோரம் வைத்தோம். திரும்ப ஓடினோம். இரண்டாவது ஆளைத் தூக்கி வெளியே வைத்தோம். அப்போதுதான் முற்றத்தில் இரண்டாவது குண்டு விழுந்தது. மண் மழை மாதிரி. எனக்குக் காது அடைத்துவிட்டது. சிஸ்டர் உள்ளே போனார்கள்.

நான் வெளியே நின்றேன். வெளியில் கிடப்பவர்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அவர்கள் ஆளைக் கம்பளியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒற்றை ஆள். எழுபது கிலோ, எண்பது கிலோ சிப்பாய்களை. வாசற்படிவரை இழுத்து வருவார்கள், நான் அங்கிருந்து சுவரோரம் இழுத்துப் போடுவேன். மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வாசற்படி என்பது எவ்வளவு அகலம், இவ்வளவு. இந்தக் கல்லாமேஜை அகலம். யாராவது வெளியே இருக்கத்தானே வேண்டும்? ஒருவருக்குக் கட்டு அவிழ்ந்து ரத்தம் வந்தது, நான்தான் அழுத்திப் பிடித்தேன். அதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

ஒன்பது பேர் வந்தாயிற்று. சிவப்பும் மஞ்சளும் அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. கோடி அறையில் இருந்த மூன்று பேர் ஊதா. விதிப்படி அவர்களுக்காகப் போக வேண்டியதில்லை. சிஸ்டர் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி கருகின வாடை. அப்போது உள்ளேயிருந்து, "யக்கா" என்று ஒரு சத்தம். கூட இன்னும் ஏதோ, புரியவில்லை. யக்கா என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சிஸ்டர் எழுந்தார்கள். "கோடியில தமிழ்ப் பையன் உண்டா மக்ளே?" என்றார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஊதா சிஸ்டர்" என்றேன்.

"ஊதா எதுக்குடே கூப்பிடுது?" என்றார்கள். போய்விட்டார்கள்.

வெகுநேரம் வரவில்லை. உண்மையில் மூன்று நாலு நிமிஷம் இருக்கும். கூரை உட்கார்ந்தது, அதோடு கோடியில் கிடந்த மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். பிறகு வந்தார்கள், பின்பக்கமாக நடந்து, கம்பளியை இழுத்துக்கொண்டு. கம்பளியில் தீ. கையிலும் தீ. அந்தக் கைகளைத்தான் நீங்கள் இருபத்தைந்து வருஷம் பார்த்தீர்களே. எங்கள் யூனிட்டில் எவருக்கு நரம்பு கிடைக்கவில்லையென்றாலும் சிஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊசி இறக்குவார்கள். அதற்கப்புறம் ஒரு ஊசி போட்டிருப்பார்களா? ஆபீஸில் பைல் கட்டத்தான் வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவனைச் சுவரோரம் கிடத்தினோம். இருபது வயது இருக்கும். தொடையில் காயம், மேலே இறுக்கிக் கட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. தொடைக்காயம், மேலே கட்டு, அவனை எனக்கு நினைவு வந்துவிட்டது. காலையில் மேஜர் அவனைத் தொட்டுப் பார்த்து, "லால், அடுத்து இவன்தான்" என்று சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில் வெளிச்சம். ஊதா.

அந்த மங்கின நீல வெளிச்சத்தில் சிவப்பும் ஊதாவும் ஒன்றுதான் டீச்சர். இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள்.

சிஸ்டரும் பார்த்தார்கள். நாடாவை அவிழ்க்கப் பார்த்தார்கள், அந்த வெந்த விரல்களோடு. வரவில்லை. என் முடிச்சு. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பதிவுநோட்டில் அவன் பெயருக்கு எதிரே சிவப்பு என்று எழுதச் சொன்னார்கள். அந்த நோட்டை எழுதின ஆள் வேறு, நான் இல்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பார்த்தாயா, வார்டு இவர்கள் பொறுப்பு, தப்பு வெளியே தெரிந்தால் இவர்களுக்கும் கெட்ட பெயர், அதனால் மறைக்கிறார்கள் என்று தோன்றியது. பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பதக்கம் கிடைத்த செய்தி வந்தபோது, ஓகோ, இதற்குத்தானா என்றுகூட நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு கர்னல் வந்தார். சிஸ்டர் கூடாரத்தில் படுத்திருந்தார்கள், இரண்டு கையும் தலையணை மாதிரி கட்டு. நான் தட்டோடு படுதாவுக்கு வெளியே நின்றேன். கர்னல் கேட்டார்: "உங்களோடு யார் இருந்தது?"

இப்போது என் பெயரைச் சொல்வார்கள், சொல்வார்கள் என்று நிற்கிறேன்.

"யாரும் இல்லை சார். நான் மட்டும்தான்."

ஒரு வார்த்தை டீச்சர். அவனும் இருந்தான் என்று ஒரு வார்த்தை. இரண்டு பேரைத் தூக்கினான் என்று. அதைத்தான் இந்த இருபத்தைந்து வருஷமும் நான் மன்னிக்கவில்லை. டிசம்பரானால் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும், கோணல்மாணலான எழுத்தில், இடது கையால் எழுதிப் பழகினது. இரண்டே வரி. 'நலமா மக்ளே? உறக்கம் உண்டா?' என்ன குத்தல் பாருங்கள், உறக்கம் உண்டாவாம். ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை நான்.

கர்னல் விடவில்லை. "ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் டியூட்டியில் இருந்தானே?" என்றார். அதற்கு சிஸ்டர், "நான்தான் அவனை வெளியே நிற்கச் சொன்னேன் சார். வெளியில் கிடப்பவர்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்றார்கள்.

பாருங்கள். அவர்கள் எங்கே சொன்னார்கள்? சொல்லவே இல்லை. எனக்கு அப்படி ஒரு உத்தரவும்...

தண்ணீர் குடியுங்கள் டீச்சர். இந்தப் பாட்டில் புதிது. நானும் குடித்துக்கொள்கிறேன்.

அவர்கள் சொல்லவே இல்லை. நானாகத்தான் நின்றேன்.

இந்தக் கதையை என் மனதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் படுதாவுக்கு வெளியே தட்டோடு நிற்கிற இடத்தில் கோபம் வரும், அங்கேயே நிறுத்திவிடுவேன். அடுத்ததை வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன். என்னோடு இருந்தான் என்று அவர்கள் சொல்லியிருந்தால், கர்னல் அடுத்து என்ன கேட்பார்? இருந்தவன் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்பார். அந்தப் பையன் ஏன் கோடி அறையில் கிடந்தான், யார் நாடா கட்டினது என்று கேட்பார். ராணுவத்தில் அதற்கு என்ன பெயர், என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாதா? இந்தக் கடை இருக்குமா? பென்ஷன் இருக்குமா? என் மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் செய்தேனே, அது? கேட்டால் நான் புத்திசாலி என்பார்கள் இந்தத் தெருவில். இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவில்லையா, உறைத்தும் மேலே மண்ணைப் போட்டு மூடிக்கொண்டேனா? எனக்கே தெரியவில்லை டீச்சர். சத்தியமாகத் தெரியவில்லை.

அந்தப் பையனா? அன்று சாயங்காலமே பத்துப் பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு மணி நேர மலைப்பாதை. ஒன்பது பேர் நன்றாக இருந்தார்கள். இவன் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தான். இறக்கும்போது உயிர் இருந்தது. மேஜையில் போய்விட்டது. அங்கே இருந்த சர்ஜன், காலையிலேயே யாராவது தொட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று இந்தியில் சொன்னார். என்னிடம் இல்லை, பொதுவாக. நான் திரும்பி வந்து சிஸ்டரிடம், "ஒன்பது பேர் சுகம்" என்றேன். "அந்தத் தமிழ்ப் பையன்?" என்றார்கள். தலையை ஆட்டினேன். முகத்தைக் கூடாரத் துணிப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அதுதான் டீச்சர் அந்த ஒன்பது. வேறொன்றும் இல்லை.

என்ன எழுதுகிறீர்கள்? அடியுங்கள். பத்தை இல்லை, இப்போது எழுதின ஒன்பதை. நான் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் பத்துப் பேரையும் உயிரோடுதான் வெளியே கொண்டுவந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன், பத்தாவது ஆள் கண்ணைத் திறந்துகொண்டு வந்தான், தண்ணீர் குடித்தான். நெருப்பிலிருந்து எடுத்தது பத்து. அதில் ஒன்றைக் குறைத்தது நான். என் ஒன்றை அவர்கள் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தால் அது அவர்கள் குணம். கல்லில் அது வேண்டாம். பத்து என்றே வெட்டுங்கள். தனியாளாக என்பதும் இருக்கட்டும். என் பெயரை அடித்துவிடுங்கள், நன்றாக அடியுங்கள், கல்தச்சன் தப்பாகப் பார்த்துவிடப் போகிறான்.

அவன் பெயரா? அதைக் கல்லில் போடலாமா என்கிறீர்களா? போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் என்னிடம் கேட்காதீர்கள் டீச்சர்.

பட்டியலில் இருந்திருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை. வண்டியில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. குலுங்கக் கூடாதென்று பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "அண்ணே, நீங்க தமிழா?" என்றான். "ஆமா" என்றேன். சந்தோஷப்பட்டான். உதட்டை நனைத்துவிட்டேன். "உங்க பேரு என்னண்ணே?" என்றான்.

சொன்னேன். கருத்தபாண்டி, சாத்தூர் என்று முழுசாகச் சொன்னேன். அவன் பெயரை நான் கேட்கவில்லை.